மெதுவாக இருப்பது பிள்ளையா, கணினியா?

வானொலிக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரே சத்தம் மௌனம். நேரலையில் மூன்று வினாடி ஒன்றும் கேட்காவிட்டால் போதும், நேயர் அலைவரிசையை மாற்றிவிடுவார். மென்பொருள் எழுதப் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்த மௌனத்தோடுதான் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிவதற்குள் கொட்டாவி வருகிறது. 'ரன்' பொத்தானை அழுத்திவிட்டுப் போய் மைலோ கலக்கிக்கொண்டு வந்தாலும் கோடு இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இந்த வாரம் ஜாவா, அது கேட்கும் நினைவகம் ஆகிய இரண்டையும் பற்றிப் பேசுவோம். "நமக்கெதற்கு ஜாவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட மொழி இது. 2010இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. வங்கி மென்பொருள் முதல், உங்கள் வீட்டுச் சிறுவன் கணினியில் விளையாடும் மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பு வரை பலவும் இதில் எழுதப்பட்டவை. கைப்பேசிச் செயலி செய்ய உதவும் ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோ, அலுவலகங்களில் புழங்கும் இன்டெல்லிஜே, எக்லிப்ஸ் போன்ற கருவிகளும் ஜாவாவின் மேல்தான் ஓடுகின்றன.

ஜாவா நிரல் கணினியில் நேரடியாக ஓடுவதில்லை. 'ஜேவிஎம்' என்ற மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுகிறது. அந்த இயந்திரம் புறப்படும்போதே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அதிகபட்சம் எவ்வளவு நினைவகம் எடுக்கலாம்? நாம் சொல்லாவிட்டால் அதுவே முடிவு செய்துகொள்ளும். வழக்கமாக, கணினியின் மொத்த நினைவகத்தில் கால் பங்கு. 8 ஜிபி கணினியில் 2 ஜிபி.

உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மொத்த மேசைகள்தான் கணினியின் நினைவகம். ஒவ்வொரு கடையும் 'எனக்கு இத்தனை மேசை' என்று ஒதுக்கிக்கொள்கிறது. கடை திறக்கும்போது போடும் மேசைகளின் எண்ணிக்கை 'எக்ஸ்எம்எஸ்'. எவ்வளவு கூட்டம் வந்தாலும் இதற்கு மேல் இல்லை என்ற உச்சவரம்பு 'எக்ஸ்எம்எக்ஸ்'. சாப்பிட்டவர் எழுந்து போன மேசையைத் துடைத்து அடுத்தவருக்குத் தரும் துப்புரவாளரும் ஜேவிஎம்முக்குள் உண்டு. அவர்தான் 'கார்பேஜ் கலெக்டர்'.

மேசை குறைவாக இருந்தால் துப்புரவாளர் நிற்க நேரமின்றி ஓடுவார், சமையல் நின்றுவிடும். சரி, எல்லாக் கடைகளும் உச்சவரம்பை ஏற்றிக்கொண்டால்? நிலையம் நிரம்பிவிடும். சாப்பாட்டுத் தட்டோடு சிலர் கீழே கார் நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டியதுதான். கணினி அதைத்தான் செய்கிறது. நினைவகத்தில் இடமில்லாததை வட்டுக்கு மாற்றுகிறது, தேவைப்படும்போது திரும்ப எடுத்து வருகிறது. இந்தப் போக்குவரத்தில்தான் திரை உறைந்துபோகிறது.

என் அக்கா மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். நான்கு பேர் குழு, ஓர் ஆண்ட்ராய்ட் செயலி, ஒப்படைக்க மூன்று வாரம். அவளுடையது 8 ஜிபி மடிக்கணினி. அக்கா வீட்டில் சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு அதில் வந்து நின்றது. இரவு ஷிஃப்ட் பார்க்கும் அத்தான், தவணையில் புதிது வாங்கிவிடலாம் என்றார். இரண்டாயிரம் வெள்ளிக்கு மேல். அவள் சொன்னதுதான் எனக்கு அதைவிடக் கனமாக இருந்தது.

"வேணாம்ப்பா. எனக்கு கோடிங் வராது. அவங்க கோட் பண்ணட்டும், நான் ஸ்லைட்ஸ் பண்ணிக்கிறேன்."

"வராதுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சித்தி. அவங்க பத்துத் தடவை ஓட்டிப் பார்க்கிற நேரத்துல நான் ஒரு தடவைதான் ஓட்டுறேன். எனக்கு ஸ்லோவாத்தான் வருது."

அவளை ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவைத் திறந்து வேலையைத் தொடங்கச் சொன்னேன். பக்கத்தில் டாஸ்க் மேனேஜரையும் திறந்து வைத்தோம். நினைவகம் நிரம்பி வழிந்தது, வட்டு ஓயாமல் சுழன்றுகொண்டிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் சாப்பாடு!

கணக்குப் போட்டுப் பார்த்தோம். விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து பாதியை எடுத்துக்கொண்டன. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவுக்கு 2 ஜிபி வரை. திரைக்குள் போலிக் கைப்பேசியைக் காட்டும் எமுலேட்டருக்கு இன்னொரு 2 ஜிபி. செயலியைக் கட்டித்தரும் 'கிரேடில்' தனி ஜேவிஎம். அதன் உச்சவரம்பு 6 ஜிபி என்று இருந்தது! அந்த 6 எங்கிருந்து வந்தது? குழுவில் ஒருவரிடம் 32 ஜிபி கணினி. தமக்கு வேகமாக ஓட வேண்டும் என்று திட்டக் கோப்பில் அவர் ஏற்றிய எண், பகிர்ந்துகொண்ட கோப்போடு எல்லாருடைய கணினிக்கும் போய்விட்டது. அவர் மேல் குற்றமில்லை. அவர் கணினியில் அது சரியான எண்தான்.

6 என்று எழுதினால் உடனே ஆறும் பறிபோகாது. ஆனால் உச்சவரம்பு பெரிதாக இருந்தால் துப்புரவாளர் அவசரப்பட மாட்டார். மேசைகள் நிரம்பிக்கொண்டே போகும். 8 ஜிபி கணினி அதைத் தாங்காது.

மூன்று மாற்றங்கள் செய்தோம். எமுலேட்டரை மூடிவிட்டு, அவளுடைய கைப்பேசியையே யுஎஸ்பி கம்பியில் இணைத்துச் செயலியை அதில் ஓட்டினோம். கிரேடிலின் எண்ணை 2 ஜிபிக்கு இறக்கினோம். இதற்குத் திட்டக் கோப்பைத் தொடத் தேவையில்லை. பயனர் கோப்புறைக்குள் இருக்கும் 'டாட் கிரேடில்' கோப்புறையில், 'கிரேடில் டாட் புராப்பர்டீஸ்' என்ற பெயரில் சொந்தக் கோப்பு ஒன்றை வைத்து அதில் எழுதினால், திட்டத்தில் உள்ளதை அது மீறும். மற்றவர்களுக்கு ஒரு பாதிப்பும் இல்லை. மூன்றாவது, பிரவுசரில் திறந்து கிடந்த முப்பது பக்கங்களையும் மூடியது! மடிக்கணினி பறக்கவில்லை. ஆனால் தட்டிய எழுத்து தட்டியவுடன் தெரிந்தது. அன்றிரவு எட்டு முறை ஓட்டிப் பார்த்தாள். உள்நுழைவுப் பக்கத்தை அவளே எழுதுவதாகக் குழுவில் செய்தி அனுப்பினாள்.

உங்கள் வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். முதலில் கணினியின் மொத்த நினைவகத்தைப் பாருங்கள். வேலை நடக்கும்போது அதில் தாராளமாக இடம் மீதமிருந்தும் கருவி திணறினால், அல்லது 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்று பிழை வந்தால், உச்சவரம்பு போதவில்லை; ஏற்றலாம். நினைவகம் முழுக்க நிரம்பி வட்டு அலறினால் நேர்மாறு, இறக்க வேண்டும்.

எங்கே மாற்றுவது? இன்டெல்லிஜேயில் 'ஹெல்ப்' பட்டியலில் 'சேஞ்ச் மெமரி செட்டிங்ஸ்'. ஆண்ட்ராய்ட் ஸ்டுடியோவின் 'செட்டிங்ஸ்' பகுதியில் 'மெமரி செட்டிங்ஸ்' என்றே ஒரு பக்கம் இருக்கிறது. எக்லிப்ஸில் 'எக்லிப்ஸ் டாட் ஐஎன்ஐ' கோப்பு. அதில் 'விஎம்ஆர்க்ஸ்' என்ற வரிக்குக் கீழேதான் இந்த எண்கள் வர வேண்டும், ஒவ்வொன்றும் தனி வரியில்.

கையால் எழுதுவோர் கவனிக்க: முதலில் கழித்தல் குறி, பெரிய எழுத்தில் எக்ஸ், சிறிய எழுத்தில் எம், எக்ஸ். இடைவெளி விடாமல் எண். எண்ணுக்குப் பின் ஜிபி என்றால் 'ஜி', எம்பி என்றால் 'எம்'. அந்தக் கடைசி எழுத்தை விட்டுவிட்டால் 2048 என்பதை 2048 பைட் என்றே ஜேவிஎம் புரிந்துகொண்டு, ஓட மறுத்துவிடும்.

இந்த எண் மொத்தக் கணக்கு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். நிரலின் வகுப்பு விவரங்கள் தங்கும் 'மெட்டாஸ்பேஸ்' போன்றவை இதற்கு வெளியே இடம் கேட்கும். 2 ஜிபி என்று எழுதிய நிரல் டாஸ்க் மேனேஜரில் இரண்டரை காட்டினால் பதற வேண்டாம்.

வேலைக்குப் போகும் இளையர்களுக்கு ஒன்று. எண்ணை ஏற்றிக்கொண்டே போயும் நிரல் விழுந்துகொண்டே இருக்கிறதா? கோளாறு எண்ணில் இல்லை. மேசையில் ஆளில்லை, டிஷ்யூ பொட்டலம் மட்டும் 'சோப்' பண்ணி வைத்திருக்கிறது என்றால் துப்புரவாளர் அதை எடுத்து அடுத்தவருக்குத் தர முடியுமா? நிரலும் அப்படித்தான். தேவை முடிந்த தரவை ஏதோ ஒரு பட்டியல் இன்னும் பிடித்துவைத்திருந்தால் அது குப்பையாகாது. அப்போது திருத்த வேண்டியது நிரலை.

எல்லாவற்றையும் அமைப்பு எண் காப்பாற்றாது. 4 ஜிபி கணினியில் செயலி கட்டுவது கஷ்டம்தான். அங்கேயும், புதிதாக வாங்குமுன் நினைவகத்தை மட்டும் கூட்ட முடியுமா என்று கடையில் கேளுங்கள்.

குழுவாக வேலை செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களில் மிகச் சிறிய கணினி யாருடையதோ, அதற்கேற்ற எண்ணைத் திட்டக் கோப்பில் வையுங்கள். பெரிய கணினி வைத்திருப்பவர் தம் சொந்தக் கோப்பில் ஏற்றிக்கொள்ளட்டும். ஒரு நிமிட வேலை இது. ஸ்லைட்ஸ் மட்டும் பண்ணிக்கொள்கிறேன் என்று ஒதுங்கியிருக்கும் ஒருவர் அதனால் கோடு எழுத வந்துவிடலாம்.