கலயமும் கலனும்

ராயக்கோட்டையில் பிறந்து, ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவின் ஆரகன் மாநிலத்தில் குடியேறிவிட்ட நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. நாவல்களைத் தவிர வேறெதைப் பற்றியும் நீண்ட மடல் எழுதாதவர். அண்மையில் அவரிடமிருந்து வந்த நான்கு பக்க மடலோ முழுக்க முழுக்க ஓர் எஃகுக் கலனைப் பற்றியது. வீட்டிலேயே பீர் தயாரிக்கும் பழக்கம் அவருக்குச் சில ஆண்டுகளாக உண்டு. இதுவரை பாட்டில்களில் அடைத்தவர், இப்போது முதன்முறையாகக் 'கெக்' எனப்படும் கலனுக்கு மாறியிருக்கிறார். மடலின் இறுதியில் ஒரு கேள்வி: "அடுத்த ஆண்டு ஊரோடு வந்துவிடுகிறேன். இதையும் கொண்டுவரலாமா?"

அந்த ஏற்பாடு எளிமையானதுதான். முன்பு குளிர்பானக் கடைகளுக்குச் சர்க்கரைப் பாகு கொண்டுசெல்லப் பயன்பட்ட 19 லிட்டர் கலன், கரியமில வாயு உருளை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர், இரண்டு குழாய்கள், ஒரு திறப்பான், இவையனைத்தும் அடங்க ஒரு பழைய குளிர்பதனப் பெட்டி. பாட்டிலில் அடைக்கும்போது சிறிது சர்க்கரை சேர்த்து, எஞ்சிய ஈஸ்ட் அதை உண்டு வாயு எழுப்பும்வரை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும். சர்க்கரை மிகுந்தால் பாட்டில் வெடிக்கும். கலனிலோ வாயு வெளியிலிருந்து செலுத்தப்படுகிறது. 4 டிகிரி குளிரில் சதுர அங்குலத்துக்கு 12 பவுண்டு அழுத்தத்தில் ஒரு வாரம் வைத்தால், ஒவ்வொரு லிட்டரிலும் சுமார் இரண்டரை லிட்டர் வாயு கரைந்துவிடும். பொறுமையிழந்து அழுத்தத்தைக் கூட்டினால் நுரைதான் மிஞ்சும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் கசிவு பார்ப்பதும், கலனையும் குழாய்களையும் ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமி நீக்குவதும்தான் இதில் பெரும்பாடு. முதல் கலன் வாயு கசிந்து வீணாயிற்று என்றும், காரணம் ஒரு ரப்பர் வளையம் என்றும் நண்பர் எழுதியிருந்தார்.

அவருடைய கேள்விக்கு நம்முடைய விடை சுருக்கமானது. கலனைக் கொண்டுவரலாம், பீரால் நிரப்ப முடியாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937, உரிமமின்றி மது தயாரிப்பதைக் குற்றமாக்குகிறது. தன் வீட்டில், தனக்காக, விற்காமல் தயாரிக்கிறேன் என்பவருக்கு அதில் இடமில்லை.

இந்தச் சட்டத்தின் முதல் களம் எது என்பதையும் நினைவுகூர வேண்டும். சென்னை மாகாணத்தின் முதல்வராயிருந்த ராஜாஜி 1937 அக்டோபரில் மதுவிலக்கை முதலில் நடைமுறைப்படுத்தியது சேலம் மாவட்டத்தில். ஓசூரும் கிருஷ்ணகிரியும் ராயக்கோட்டையும் அன்று அம்மாவட்டத்திலேயே இருந்தன. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூருக்கு அருகில்தான். குடியால் சிதைந்த ஏழைக் குடும்பங்களைக் கண்டு பிறந்த சட்டம் அது. அதன் நோக்கத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. ஆனால் 2003 முதல் அரசே தன் கடைகளில் சில்லறையாக மது விற்கிறது. 1987 முதல் கள்ளுக்குத் தடை நீடிக்கிறது. பனையேறியின் கலயம் குற்றப்பொருள். ஆலையின் புட்டி வருவாய். விலக்கின் அறம் போய்விட்டது, விலக்கின் தண்டனை மட்டும் எளியவர் மீது தங்கிவிட்டது என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் மொழியும் இக்குழப்பத்துக்குத் துணைபோயிருக்கிறது. சாராயத்தையும் 'காய்ச்சுகிறோம்', பீரையும் 'காய்ச்சுகிறோம்'. ஒன்று ஆவியாக்கி வடிப்பது, மற்றது புளிக்கவிடுவது என்ற வேறுபாடு பேச்சில் மறைந்துவிட்டது. பெரும்பாணாற்றுப்படை இந்த வகையில் நம்மைவிடத் தெளிவாயிருக்கிறது. வீட்டில் ஆக்கிய தோப்பி அதில் வருகிறது. அரிசிக் களியை அகன்ற தட்டில் ஆற்றி, அடை கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பிழிந்தெடுக்கும் முறையும் வருகிறது. அந்த அடையை முளைநெல்லால் ஆனது என்று கொள்வதுண்டு.

முளைத்த தானியத்தில் பிறக்கும் நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகிறது. பீருக்கு அடிப்படை அதுவே. ராயக்கோட்டைப் பக்கம் குழந்தைக்குக் கூழ் காய்ச்ச வீடுதோறும் கேழ்வரகை முளைகட்டுகிறார்கள். ஆகவே முதற்படி நம் தாய்மாருக்குத் தெரிந்ததே. அடுத்த படியில்தான் சிறைக்கதவு நிற்கிறது.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும், எழவும் வேண்டும். 2008 மே மாதம் கர்நாடகத்திலும் எல்லையின் இப்பக்கமும் கள்ளச்சாராயம் 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்குப் பின்னும் வீட்டில் மது தயாரிக்க விடச் சொல்வதா? அவர்களைக் கொன்றது தொழிற்சாலைப் பயனுக்கான மெத்தனால். பானையில் புளித்த தானியமன்று. தானியம் புளிக்கும்போது உயிரைப் பறிக்கும் அளவில் மெத்தனால் பிறப்பதில்லை. அளவு மீறினால் பீரும் கேடே, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் ஒரே குற்றமாக எண்ணும் சட்டம், கொலைகாரனையும் சமையற்காரனையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

பிரிட்டன் 1963இல் வீட்டுப் பீருக்கான உரிமக் கட்டாயத்தை நீக்கியது. அமெரிக்கா 1978இல் சட்டமியற்றி, வயதுவந்தோர் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், ஏறத்தாழ 757 லிட்டர் என வரம்பிட்டது, விற்கக் கூடாது. அங்கும் மிசிசிப்பி, அலபாமா மாநிலங்கள் 2013 வரை இணங்கவில்லை. நாம் கேட்பது அதைவிடச் சிறிது: வடித்தல் கூடாது, விற்பனை கூடாது, அளவு குறைவு, வீட்டார் பெயரில் பதிவு. கலயத்துக்கும் இதே நீதி வேண்டும். அமெரிக்கக் கலனுக்கு இடம் கொடுத்துவிட்டுப் பனையேறியை மறந்தால், அது நகரத்தவரின் சொகுசுக் கோரிக்கையாகவே முடியும்.

நண்பருக்கு எழுதினோம்: கொண்டு வாருங்கள். பானங்களுக்குரிய தூய வாயுவையே கேட்டு வாங்குங்கள், பற்றவைப்புப் பட்டறையின் உருளை வேண்டாம். சட்டம் மாறும்வரை அதில் நன்னாரி சோடா ஊற்றிக் குடிப்போம். ரப்பர் வளையத்தை மறக்காமல் இரண்டாகக் கொண்டு வாருங்கள்.