எந்தக் கோடு, எங்கே ஏறுது?

ஜூம்ல செமினாரா பாஸ்? ஸ்க்ரீனை ஷேர் பண்ணிட்டு, ‘இங்க பாருங்க, இந்தக் கோடு இப்படி ஏறுது’னு அடிச்சு விடுறீங்க. உங்க க்ளாஸ்ல பார்வையில்லாத நண்பர் இருந்தா, அவருக்கு எந்தக் கோடு, எங்கே ஏறுது? இன்டர்னல் மார்க் அவருக்கும்தானே!

திரையைப் படிச்சுச் சொல்ற சாஃப்ட்வேர் இருக்கே என்பீர்கள். இருக்கிறது. என்.வி.டி.ஏ. இலவசம், 2006-ல் அதைத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரனும் பார்வையற்றவர்தான். ஆனால், நீங்கள் ஷேர் செய்யும் ஸ்லைடு எதிர்முனைக்குப் போவது வெறும் வீடியோவாக. அதிலுள்ள எழுத்து அந்த சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதனால, முந்தின நாளே ஃபைலை அனுப்பிடுங்க. (போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல தட்டினா மறுபடியும் அதே கதைதான்!) கோடு எத்தனையில் ஆரம்பித்து எத்தனையில் நிற்கிறது என்பதை வாயால் சொல்லுங்க.

காது கேளாதவர் இருந்தால் கேப்ஷனை ஆன் பண்ணுங்க. இலவசக் கணக்குக்கும் ஜூம் அதை 2021-லேயே கொடுத்தாச்சு. நம்ம தமிங்கிலீஷுக்கு அது உளறும். முக்கியமான வார்த்தைகளை மட்டும் சாட்ல தட்டுங்க.

மட்டும்தான்! ஸ்மைலி மழை வேண்டாம். ஒவ்வொண்ணையும் ஸ்க்ரீன் ரீடர் வாசிக்கும். சார் நடத்துறப்போ நண்பர் காதில் விழுவது பாடமல்ல, பதினேழு ‘சிரிக்கும் முகம்’!