தொற்றிலும் லாப வேட்டை

2020 ஏப்ரலில் கொரோனாவுக்கு அஞ்சி நாடே அடைபட்டுக் கிடந்தது. அப்போது சீனாவிலிருந்து 245 ரூபாய்க்கு வந்திறங்கிய துரிதப் பரிசோதனைக் கருவிக்கு மத்திய சர்க்காரும் தமிழக சர்க்காரும் ஒப்புக்கொண்ட விலை 600 ரூபாய்! வியாபாரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு டில்லி ஐகோர்ட்டுக்குப் போனார்கள், குட்டு உடைந்தது. கோர்ட் 400 என்று வெட்டியது. கருவியோ தப்பும் தவறுமாகக் காட்டியது. ஆர்டர் ரத்து.

மறு வருஷம்? 2021 மே ஊரடங்கில் மளிகைக் கடையையும் மூடச் சொன்ன சர்க்கார், ஒரகடம் கார் ஆலையை ஓடவிட்டது. கன்வேயரில் தோள் உரச நிற்பவனுக்கு இடைவெளி ஏது? ரெனோ-நிஸான் சங்கம் ஐகோர்ட் ஏறியது. மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். அதன் பிறகே இரு ஆலைகளும் சில நாள் கதவடைத்தன.

அடுத்த தொற்று வரும்போது ஆலை ஓடலாமா என்பதைச் சங்கத்தைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும்; பரிசோதனைக் கருவி பொதுத்துறையில் தயாராக வேண்டும். இதற்குச் சட்டம் கேட்கிறோம்.