அழைத்தால் வரவேண்டும் மூத்த மருத்துவர்

பட்டம் பெற்ற இளம் மருத்துவர் மருத்துவமனையிலேயே தங்கி, மூத்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனித்தபடி நிபுணராக உருவாகும் உறைவிட மருத்துவப் பயிற்சி முறை இந்தியாவில் வேரூன்றியதில், 1956இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தில்லியில் நிறுவப்பட்ட எய்ம்ஸ் நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. அம்முறையின் உயிர் 'மேற்பார்வை' என்ற சொல்லில் இருக்கிறது. இன்று தலைநகரின் பெரிய அரசு மருத்துவமனைகளில் தேய்ந்துவருவதும் அதுவே.

இரவு நேர அவசர சிகிச்சைப் பிரிவின் சுமையைப் பெரும்பாலும் தாங்குபவர் முதுநிலைப் படிப்பின் முதலாண்டு மாணவர். விபத்தில் வயிற்றில் அடிபட்டவரின் இரத்த அழுத்தம் 100 என்று காட்டினால் அவர் ஆறுதலடையக்கூடும். நாடித்துடிப்பு 130ஐத் தொட்டிருப்பதையும் கைகால் சில்லிட்டிருப்பதையும் சேர்த்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிகிறது என்று ஐயுற, அத்தகைய பலரைக் கண்ட கண் தேவை. அந்தக் கண்ணுக்குரியவரை நள்ளிரவில் எழுப்பினால் வசை கிடைக்குமோ என்று இளையவர் தயங்கும் அரைமணி நேரத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளியே. வசைபாடுவதையே பயிற்சி என்று கருதும் பழக்கம் சில துறைகளில் இன்னமும் பெருமையாகப் பேசப்படுவது வெட்கக்கேடு.

நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 1984இல் 18 வயதுப் பெண் ஒருவர் பயிற்சி மருத்துவர்களின் பொறுப்பில் இருந்தபோது இறந்ததையடுத்து, அம்மாநிலம் பயிற்சியாளரின் வேலையை வாரத்துக்கு 80 மணி நேரமாகக் குறைத்தது. உலகம் நினைவில் வைத்தது அந்த எண்ணைத்தான். ஆனால், விதிகளைப் பரிந்துரைத்த குழுவின் தலைவர் பெர்ட்ராண்ட் பெல், வேலை நேரத்தைக் காட்டிலும் மூத்தவரின் மேற்பார்வையே முதன்மையானது என்று பின்னர் தொடர்ந்து வாதிட்டார். இந்தியாவிலும் விவாதம் மணிக்கணக்கிலேயே நின்றுவிடுகிறது. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. அக்குழுவின் ஆய்வில் பங்கேற்ற முதுநிலை மாணவருள் 31.2 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் எழுந்ததாகக் கூறியிருந்தனர். ஓய்வு அவசியம்தான், ஆயினும் ஓய்வெடுத்துத் திரும்பியவரும் தனியாகவே நிற்கிறார் என்றால் நோயாளிக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அரைகுறையானது.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் சில மாணவரைப் பிரித்துக் கொடுத்து, சந்திப்புக்குச் சான்றாகப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதால் வழிகாட்டல் நடந்துவிடாது. ஆசிரியரின் வருகையை முகத்தைப் படம்பிடித்துப் பதியும் ஆணையம், அவர் வார்டில் இருந்தாரா அறையில் இருந்தாரா என்று கேட்பதில்லை. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. நோயாளியின் படுக்கையருகே கற்பித்த நேரம் எண்ணப்படுவதில்லை. புறநோயாளிக் கூட்டத்துக்கும் காலிப் பணியிடங்களுக்கும் நடுவே நேரம் எங்கே என்று பேராசிரியர்கள் கேட்பது நியாயமே. அதற்கு விடை இடங்களை நிரப்புவது. இளையவரைத் தனியே விடுவது அன்று.

எந்தெந்த நிலையில் மூத்தவரை அழைத்தே தீரவேண்டும் என்ற பட்டியலை ஒவ்வொரு துறையும் எழுத்தில் வெளியிட வேண்டும். அழைப்பது திறமைக் குறைவாகவன்றிக் கடமையாகக் கருதப்பட வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுவதும் ஆசிரியர் நிலை மருத்துவர் ஒருவர் இருப்பதை ஆணையம் அங்கீகார நிபந்தனையாக்கி, அந்தப் பணியைப் பதவி உயர்வில் சேர்க்க வேண்டும். மத்திய அரசும் தில்லி அரசும் தத்தம் மருத்துவமனைகளில் இதை உடனே தொடங்கலாம்.