பலகைக்குப் பெயிண்ட் அடித்தால் பம்புசெட்டுக்கு கரண்ட் வருமா?



நம்ம ஊர் ஈ.பி. ஆபீஸ் பலகையைப் பார்த்தீர்களா? 1957ல் பிறந்தது மின்சார வாரியம். 2010 நவம்பரில் அதை உடைத்து, மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகம் என்றும், தொடரமைப்புக் கழகம் என்றும் பெயர் வைத்தார்கள். 2024ல் உற்பத்தி தனி, பகிர்மானம் தனி, பசுமை எரிசக்தி தனி என்று மறுபடியும் பிரித்தார்கள். பலகைக்கு மறுபடியும் பெயிண்ட்! ஆனால் எங்கள் பக்கத்தில் டிரான்ஸ்பார்மரில் பீஸ் போனால் வருவது அதே ஒரு லைன்மேன்தான். அவரும் பாவம், எத்தனை ஊருக்குத்தான் ஓடுவார்?

"பேர்தானே மாறுது, உங்களுக்கென்ன நட்டம்?" என்று கேட்கிறார்கள். நட்டம் இருக்கிறது, சொல்கிறோம்.

1970ல் கட்டணத்தைப் பைசாக் கணக்கில் ஏற்றினார்கள். எதிர்த்து நின்ற விவசாயிகளைப் பெருமாநல்லூரில் சுட்டார்கள், மூன்று உயிர் போனது. 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய்க் கோவையை மறித்தோம். அன்றைக்கு யாரைக் கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருந்தது. கட்டணத்தை ஏற்றியவன் கோட்டையில் இருந்தான். அப்படிப் போராடித்தான் 1984ல் சிறு விவசாயிக்கும், பிறகு எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. 2003ல் பறித்தார்கள். 2004 தேர்தலில் அடி விழுந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள்.

இன்றைக்கு யாரைக் கேட்பது? மந்திரியைக் கேட்டால் ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவு என்கிறார். 1999ல் அமைத்த அந்த ஆணையமோ, கழகம் மனு போட்டது, விசாரித்தோம் என்கிறது. கழகத்தைக் கேட்டால் 2003ம் வருசத்து மத்திய மின்சாரச் சட்டத்தைக் காட்டுகிறது. 2022 செப்டம்பரில் கட்டணம் ஏறியபோது, வருசா வருசம் விலைவாசிக் குறியீட்டை ஒட்டித் தானாக ஏறவும் வழி வைத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் 4.83 சதவீதம் ஏறியது. ஏற்றியது யார் என்றால் ஆளாளுக்குக் கைகாட்டுகிறார்கள். பெயர் மாற மாற, பதில் சொல்ல வேண்டியவன் தள்ளித் தள்ளிப் போகிறான்.

அந்தச் சட்டத்தின் 65வது பிரிவை ஒவ்வொரு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் இலவசம் என்று சொல்வது கம்பெனி ஏட்டில் "மானியம்". அதை மாநில அரசு முன்கூட்டியே கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் சலுகை உத்தரவு செல்லாது, ஆணையம் வைத்த முழுக் கட்டணமும் நம் தலையில்! 55வது பிரிவு மீட்டர் இல்லாமல் கரண்ட் கொடுக்கக் கூடாது என்கிறது. இதுவரை தவணை வாங்கித்தான் காலம் தள்ளுகிறோம். தோட்டத்து மோட்டாரில் மீட்டர் வந்து உட்கார்ந்தால் அடுத்து பில் வர எத்தனை நாள் ஆகும்?

பங்கெல்லாம் அரசு கையில்தானே இருக்கிறது என்பார்கள். உண்மைதான், இன்றைக்கு இருக்கிறது. ஒரிசாவிலும் அப்படித்தான் ஆரம்பித்தது. 1996ல் வாரியத்தைப் பிரித்தார்கள், நாட்டிலேயே முதல் ஒழுங்குமுறை ஆணையத்தையும் அங்கேதான் வைத்தார்கள். விநியோகத்தை நாலு கம்பெனியாக்கி 1999ல் தனியாருக்கு விற்றார்கள். அந்த வருசமே பெரும் புயல் அடித்தது. 2001ல் அமெரிக்கக் கம்பெனி கையை உதறிவிட்டுப் போனது. மீதி மூன்றின் உரிமத்தையும் 2015ல் ஆணையமே ரத்து செய்ய வேண்டி வந்தது. அப்புறமாவது அரசு வைத்துக்கொண்டதா? 2020லிருந்து மறுபடியும் டாடா கையில்! முழு மாட்டை விலை பேச ஆள் யோசிப்பான். கூறு போட்டு வைத்தால் சந்தைக்கு வந்தவனெல்லாம் வாங்கிப் போவான்.

எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளட்டும். பம்புசெட்டுக்கு மீட்டர் கிடையாது, மானியம் தாமதமானால் விவசாயியிடம் வசூல் கிடையாது, விநியோகம் தனியாருக்குப் போகாது என்று சட்டமன்றத்தில் சட்டமாகவே எழுதித் தரட்டும். கட்டண விசாரணையை நகரத்து மண்டபத்தில் முடிக்காமல், வட்டத் தலைநகருக்கு, வேலை ஓய்ந்த நேரத்தில் கொண்டு வரட்டும்.

ஆணையம் அடுத்த முறை கருத்துக் கேட்கும்போது 64வது பிரிவின்படி நம் ஆட்சேபணையை அது பரிசீலித்தே ஆக வேண்டும். சர்வீஸ் நம்பர், எத்தனை எச்.பி. மோட்டார், மும்முனை கரண்ட் எத்தனை மணி நேரம் வருகிறது, காயில் எத்தனை முறை எரிந்தது, எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கிளைச் சங்கத்தில் இப்போதே கொடுத்து வையுங்கள். எழுத வராதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். கட்டுக் கட்டாகக் கொண்டுபோய் மேசையில் வைப்போம்!

விவசாயிகளே, திரண்டு வாரீர்!