பூட்டுவது பாதி, சோதிப்பது பாதி



சென்ற மாதம் வந்த கடிதங்களில் இரண்டு ஒரே கேள்வியைக் கேட்டன. "கடன் எடுத்து நல்ல கணினி ஒன்று வாங்கப் போகிறேன். கடைக்காரர் ஏமாற்றாமல் இருக்க என்ன செய்யலாம்?" இதற்குப் பதிலாக, 2024 சித்திரையில் வில்கமுவவில் நாங்கள் இருவர் சேர்ந்து ஒரு கணினி பூட்டிய கதையைச் சொல்கிறேன். அதிலே உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது.

வில்கமுவ மாத்தளை மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், மகாவலி கங்கைப் பக்கமாக இருக்கிறது. வஸ்கமுவ தேசிய வனம் அருகில் இருப்பதால் இருட்டினால் யானைக்குப் பயந்து வெளியே போகமாட்டார்கள். பயிற்சி வகுப்பில் என்னோடு படித்த சிங்களச் சகோதரி ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய கணவர் இராணுவத்துக்குப் போனவர். 2008இல் திரும்பி வரவில்லை. என் வீட்டுக் கதை இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். வகுப்பின் முதல் நாளில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல் இருந்தோம். பிறகு அவர் என்னை 'நங்கி' என்றும் நான் அவரை 'அக்கே' என்றும் கூப்பிடத் தொடங்கிவிட்டோம்.

அக்கே கலியாண அல்பம் செய்கிறார், வீடியோ வெட்டி ஒட்டுகிறார். பழைய கணினியில் ஒரு கலியாண வீடியோவை முடித்து எடுக்க ஓர் இரவு முழுவதும் போகும். இடையில் மின்சாரம் நின்றால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் சங்கிலியை அடகு வைத்து, மிச்சத்துக்குக் கடனும் எடுத்து, பெரிய கணினி ஒன்று பூட்டத் தீர்மானித்தார். கடன் என்றால் நமக்கெல்லாம் எப்படி வயிறு கலங்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முதலில் பாகங்களைத் தெரிந்துகொள்வோம். கணினியை ஒரு தையற்கடை என்று நினையுங்கள். புரொசசர் தைக்கிறவள். றாம் என்னும் நினைவகம் துணி விரிக்கிற மேசை. எஸ்.எஸ்.டி. துணி அடுக்கும் அலுமாரி. கிராஃபிக்ஸ் காட் படத்தையும் வீடியோவையும் மட்டும் பார்க்கிற இரண்டாவது கையாள். இவர்கள் எல்லோரும் உட்காரும் அறை மதர்போட். எல்லோருக்கும் சோறு போடுவது பவர் சப்ளை.

பவர் சப்ளையில்தான் எல்லோரும் காசை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். அது பழுதாகிப் போகும்போது மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகையால் அதில் மட்டும் கை குறுக வேண்டாம்.

புரொசசர் விடயத்தில் கடைக்காரர் ரைசன் 9 7900எக்ஸ் என்றதை எடுக்கச் சொன்னார். நாங்கள் 'எக்ஸ்' இல்லாத 7900ஐக் கேட்டோம். இரண்டிலும் 12 கருக்கள்தான். முழு வேலையில் முதலாவது 230 வாட் வரை இழுக்கும். இரண்டாவது 88 வாட் வரைதான் இழுக்கும். வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையக் குறையும். வில்கமுவ வெயிலில், ஏ.சி. இல்லாத அறையில், அதுதான் புத்தி. கிராஃபிக்ஸ் காட் 200 வாட் எடுக்கும் ஆர்.டி.எக்ஸ் 4070. மற்றவற்றையும் திரையையும் கூட்டினாலும் 400 வாட்டுக்குள் அடங்கும். அதற்கு 750 வாட் பவர் சப்ளை போட்டால் அது மூச்சு வாங்காமல் வேலை செய்யும்.

யூ.பி.எஸ். வாங்கும்போதும் இந்தக் கணக்கு வேண்டும். 650 வி.ஏ. என்று எழுதியிருக்கும் சிறிய பெட்டி 390 வாட் அளவுக்குத்தான் தாங்கும். எங்களுக்கு 1500 வி.ஏ. தேவைப்பட்டது. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. யூ.பி.எஸ். என்பது அத்தனை நேரமும் வேலை செய்வதற்கல்ல. செய்த வேலையைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கு மட்டும்தான்.

பாகங்களைப் பெட்டிகளாகவே பஸ்ஸில் கொண்டுபோய் வீட்டில் பூட்டினோம். கடையில் பூட்டிக் கொண்டுபோனால், பாரமான கிராஃபிக்ஸ் காட் வழியெல்லாம் ஆடி ஆடி, அது செருகியிருக்கும் இடத்தை உடைத்துவிடலாம். அப்படித்தான் கொண்டுபோக வேண்டும் என்றால் காட்டைக் கழற்றித் தனியாக வையுங்கள்.

பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியின் இரும்பை அடிக்கடி தொட்டுக்கொண்டு வேலை செய்தோம். நைலோன் உடுப்பில் வரும் சிறு மின்பொறி நமக்குத் தெரியாமலே பாகங்களைக் கொன்றுவிடும். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கை உரிக்க மறந்துவிடாதீர்கள். திரையின் வயரை மதர்போட்டில் செருகாமல் கிராஃபிக்ஸ் காட்டிலே செருகுங்கள். இந்த இரண்டிலும் படித்தவர்களே பிழை விடுகிறார்கள்.

எல்லாம் பூட்டி சுவிட்சைப் போட்டோம். ஃபான்கள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அக்கே ஒன்றும் பேசவில்லை. வெறுமையாக இருந்த தன் கழுத்தைத் தடவினார். நான் அணைக்கக் கையை நீட்டிவிட்டேன். பிறகு படித்தது நினைவுக்கு வந்தது. டி.டி.ஆர்.5 என்னும் இந்தப் புதிய றாம் முதல் தடவை இயங்கும்போது மதர்போட் அதைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த நேரத்தில் அணைக்கக் கூடாது. காத்திருந்தோம். எழுத்துக்கள் வந்தன. அக்கே புத்தர் படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் என் பாட்டுக்குப் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன்.

கணினி இயங்கிவிட்டது, இனி வேலையைத் தொடங்கலாம் என்று அக்கே சொன்னார். அடுத்த கிழமை ஒரு கலியாண ஓடர் இருந்தது. நான் விடவில்லை. மெம்டெஸ்ட்86 என்னும் மென்பொருளை யூ.எஸ்.பி.யில் போட்டு இரவு முழுவதும் ஓடவிட்டோம். அதன் இலவசப் பதிப்பே போதும். அது றாமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, திரும்ப வாசித்து, எழுதியது எழுதியபடி இருக்கிறதா என்று பார்க்கும். காலையில் எழும்பிப் பார்த்தால் திரையில் சிவப்பு வரிகள்.

றாமில் ஒரு பிழைகூட இருக்கக் கூடாது. மேசையில் விரித்த துணியில் நீங்கள் போட்ட சோக்குக் கோடு தானாக நகர்ந்தால் எப்படி வெட்டுவீர்கள்? கணினி நிற்காது, ஓடும். ஆனால் ஒரு நாள் வீடியோ கெடும், இன்னொரு நாள் ஃபைல் திறக்காது. காரணம் யாருக்கும் தெரியாது. தாலி கட்டும் காட்சியை இன்னொரு தடவை எடுக்க முடியுமா?

இரண்டு றாமையும் கழற்றி, ஒவ்வொன்றாக அதே இடத்தில் போட்டுச் சோதித்தோம். ஒன்று சுத்தம். மற்றது வேகத்தைக் குறைத்தபோதும் பிழை காட்டியது. திரையைப் படம் பிடித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போனோம். "நீங்கள் பெண்பிள்ளைகள் பிழையாகப் பூட்டியிருப்பீர்கள்" என்றார்கள். நாங்கள் கோபப்படவில்லை. படங்களை வரிசையாகக் காட்டினோம். எந்த றாம், எந்த இடம், எத்தனை மணி நேரம் என்று குறிப்புக் கொப்பியை விரித்தோம். மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துப் போயிருந்தால் இது இலகுவாக நடந்திருக்காது.

பெண்பிள்ளைகள் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1969இல் சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்பலோ கலத்தின் கணினிக்கு நினைவகம் செய்தவர்கள் அமெரிக்கத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள். சிறு காந்த வளையத்துக்குள்ளே கம்பியைக் கோத்தால் ஒன்று, வெளியே விட்டால் பூச்சியம். ஊசி கோப்பது போல் ஆயிரக்கணக்கில் கோத்தார்கள். நினைவகம் நம் கைக்குப் புதியதல்ல.

கடைசிச் சோதனை சூடு. கடையில் ஏ.சி. 22 பாகையில் ஓடியதை நம்பாதீர்கள். அறைச் சூடு பத்துப் பாகை கூடினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். நாங்கள் பகல் இரண்டு மணிக்கு, அறை 33 பாகையாக இருந்தபோது, பிரைம்95ஐ ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம். புரொசசர் 84 பாகை காட்டியது. 95க்குப் போனால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். 6 பாகை குறைந்தது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்:

1. பற்றுச்சீட்டில் ஒவ்வொரு பாகத்தின் பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும்.
2. மாற்றித் தரும் நாட்கள் எத்தனை என்று காசு கொடுக்கும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.
3. பெட்டியைத் தொட்டால் 'ஷொக்' அடித்தால் வீட்டு ஏர்த் வயரை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.
4. இடி முழங்கினால் பிளக்கையும் இணைய வயரையும் கழற்றிவிடுங்கள்.
5. றாம், சூடு, யூ.பி.எஸ். மூன்றையும் உங்கள் வீட்டிலே சோதிக்கும் வரை முதல் ஓடரை எடுக்காதீர்கள்.

அக்கே அந்தக் கலியாண ஓடரை ஒரு கிழமை பிந்தித்தான் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் முகம் சுளித்தார்களாம். ஆனால் முழு இரவு எடுத்த வேலை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்தது. சங்கிலி அடுத்த வருடம் புதுவருடத்துக்கு முன் வீட்டுக்கு வந்துவிட்டது. இப்போது அவ்வூரில் யாராவது கணினி வாங்கினால் முதலில் அக்கேயைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரும் யூ.எஸ்.பி.யை எடுத்துக்கொண்டு போகிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம்.