கண்ணகியின் வழக்கும் மணிமேகலையின் கல்வியும்

வெள்ளவத்தையில் ஓர் இலக்கிய விழா நடைபெற்றால் அதில் பட்டிமண்டபமோ வழக்காடு மன்றமோ இல்லாமற் போவது அரிது. குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுபவள் கைகேயியாகவோ சீதையாகவோ கண்ணகியாகவோ இருக்க, நடுவர் பீடத்திலும் வாதி பிரதிவாதிகளின் ஆசனங்களிலும் பெரும்பாலும் ஆடவரே வீற்றிருப்பது நமக்கு விநோதமாகவே தோன்றுவதில்லை. அப்பிரசங்கங்களின் சொல்வன்மையை நானும் ரசிப்பவள்தான். ஆயினும் கற்பிற் சிறந்தவள் எவள் என்ற ஒரே வினாவைத் திரும்பத் திரும்ப எழுப்பிக் கரகோஷம் பெறும் அந்த மேடைகள், காவியப் பெண்களின் புத்தியைப் பற்றி ஒரு வினாவேனும் எழுப்புவதில்லையே என்பதுதான் என் விசாரம்.

கண்ணகி தன் சித்தத்தின் உறுதியைப் புகாரிலேயே காட்டிவிட்டாள். பிரிந்த கணவன் மீள்வதற்குக் காமவேள் கோட்டத்தைத் தொழுமாறு தோழி தேவந்தி யோசனை சொல்ல, அது தனக்குப் பெருமையன்று என்று மறுத்தவள் அவள். மதுரையில், கொலைக்களத்துக்குப் புறப்படவிருக்கும் கோவலன் தன் பிழைகளைச் சொல்லி வருந்தியபோதும், அவன் ஒழுக்கம் போற்றத்தக்கதாக இருக்கவில்லை என்பதை அவன் முகத்துக்கு நேரே சொல்லத் தயங்கவில்லை. பின்னர் அவன் கள்வனென்ற பழியோடு வெட்டுண்டான் என்று கேட்டு, எஞ்சிய ஒற்றைச் சிலம்போடு அரசவை புகுந்து, சிபியும், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழனும் செய்த நீதியை எடுத்துக்காட்டி, தன் ஊரும் குடியும் வந்த காரியமும் முறைப்படி உரைத்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று முதலிலேயே அறிவித்து, அரசியின் சிலம்பில் உள்ளது முத்து என்பதை அரசன் வாயாலேயே வரவழைத்து, அதன் பின்னரே சிலம்பை உடைத்தாள். முன்னுதாரணமும் சாட்சிப் பொருளும் எதிராளியின் ஒப்புதலும் ஒருங்கே அமைந்த இந்த வழக்கு, நம் புதுக்கடை நீதிமன்றத்திலும் நிற்கக்கூடியது! மதுரையை எரித்தது அதற்குப் பிந்திய சம்பவம். அதை நியாயப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் பிரசங்கிகளோ நெருப்பை வர்ணிக்கும் உற்சாகத்தில், அந்த நெருப்புக்கு முன் நிகழ்ந்த விவாதத்தைக் காற்றில் விட்டுவிடுகின்றனர்.

இத்தீவில் அவளுக்குக் கிடைத்த பூஜை கொஞ்சமன்று. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவுக்கு இலங்கை வேந்தன் கயவாகு சென்றதைச் சிலப்பதிகாரமே பேசுகிறது. கொழும்பை அடுத்த நவகமுவையிலும் கண்டியிலும் சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாக வணங்க, மட்டக்களப்பு நாட்டார் வைகாசியில் அவள் வழக்குரையைப் பாடிக் குளிர்த்தி செய்கின்றனர். அந்தப் பக்தியைக் குறைகூற நான் யார்? எனினும் ஒரு பெண்ணைத் தெய்வமாக்கிக் குளிரவைப்பது, அவள் மானுடப் பெண்ணாய் நின்று கேட்ட கேள்வியிலிருந்து தப்புவதற்கு உகந்த உபாயமாகவும் ஆகிவிடலாம்.

நாம் மிகுதியாகப் புறக்கணித்தவள் மாதவியின் மகள் மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1892 இல் சிலப்பதிகாரத்தையும் 1898 இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். ஆறே ஆண்டு இடைவெளியில் அச்சேறிய இவ்விரு நூல்களில் முன்னது மேடையெங்கும் முழங்க, பின்னது பரீட்சை எழுதுவோர் படிப்பதோடு நின்றுவிட்டது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று ஈழத்தார் பலர் உரிமை பாராட்டுவதைக் கருதும்போது இந்த அலட்சியம் இன்னும் வியப்பளிக்கிறது. பாட்டி சித்திராபதி குலத்தொழிலுக்கு இழுக்க, இளவரசன் உதயகுமரன் பின்தொடர, இருவருக்கும் இணங்காமல் அமுதசுரபியை ஏந்திப் பசித்தோர்க்கு உணவிட்டு, வரம் கேட்கும் தருணம் வாய்த்தபோது சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருமாறு அரசனிடம் கேட்டுப் பெற்றவள் அவள். அதனினும் அரியது வஞ்சி நகரில் நிகழ்ந்தது. இளம்பெண்ணாகச் சென்றால் சமயவாதிகள் உண்மைப் பொருளை உரைக்கமாட்டார்கள் என்று தெய்வம் முன்பே எச்சரித்திருந்தமையால், அவள் ஆண் தவசியின் வடிவம் கொண்டு அளவைவாதி முதல் பூதவாதி வரை அனைவரது சித்தாந்தங்களையும் கேட்டறிந்து, பின்னர்க் காஞ்சியில் அறவண அடிகளிடம் தர்க்கம் பயின்றாள். கல்விக்காக ஒரு பெண் உருவத்தையே மறைக்க நேர்ந்ததை நூலாசிரியர் சாத்தனார் அலங்காரம் எதுவுமின்றிப் பதிவு செய்திருக்கிறார். பெண்ணிய நோக்கு மேல்நாட்டு இறக்குமதி என்று முகஞ்சுளிக்கும் பெரியவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாகப் படிக்கவேண்டும்.

நம் கொழும்பு நகரத் தமிழர்க்குப் பெண்ணின் குரல் புதியதுமன்று. சர்வஜன வாக்குரிமை வந்த மறு ஆண்டே, 1932 இல், கொட்டாஞ்சேனையை உள்ளடக்கிய கொழும்பு வடக்கு, நேசம் சரவணமுத்துவை அரசாங்க சபைக்குத் தெரிவு செய்தது. கணவர் பதவியிழந்ததால் வாய்த்த ஸ்தானம் என்று சொல்வோர், 1936 இல் அவர் மீண்டும் தெரிவானதையும் நினைக்கவேண்டும். சட்டம் இயற்றும் சபைக்கு ஒரு தமிழ்ப் பெண்ணை அனுப்பிய ஊரில், காவியத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் நாற்காலி மட்டும் ஏன் இவ்வளவு தயங்குகிறது?

ஆகவே விழா எடுக்கும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம்: அடுத்த முறை கற்பரசி யார் என்ற தலைப்பை ஓராண்டாவது ஓய்வெடுக்க விடுங்கள், மணிமேகலையை மேடைக்கு அழையுங்கள், நடுவர் பீடத்தில் கற்ற பெண்மணி ஒருவரை அமர்த்துங்கள்.